விளிம்பு நகரும் என்று சொல்லாமல் போனாயே

அன்புள்ள அண்ணனுக்கு,

செத்தவருக்கு எழுதும்போது அன்பாகத் தொடங்க வேண்டுமாம். தொடங்கிவிட்டேன். இதற்குமேல் எதிர்பார்க்காதே.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு என் கையைப் பிடித்தாயே, நினைவிருக்கிறதா? "எலே, கோயில் கோபுரமும் மலை உச்சியும் ஒரே நேரா வரணும். தெக்க குருசடிச் சிலுவ தெரியத் தொடங்கணும். கெடங்குக்க விளிம்பு அதாக்கும். ஒருத்தன்கிட்டயும் சொல்லப்பிடாது, கேட்டியா?" என்றாய். கடலுக்கு அடியில் பள்ளத்தாக்காக இறங்கும் அந்தக் கிடங்கின் விளிம்பில்தான் மீன் கூடும் என்று பொழியூர்க் கரையில் எல்லாருக்கும் தெரியும். இடம் உனக்கு மட்டும்தான் தெரியும்.

மழைக்காலம் முடிந்ததும் உன் மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். நீ சொன்ன அடையாளங்கள் அச்சாகப் பொருந்தின. நங்கூரம் போட்டோம். அடியில் பிடி கிடைக்கவில்லை, மணலோடு சரிந்து கிடங்குக்குள் போய்க்கொண்டே இருந்தது. ஓடிய கயிற்றைப் பிடிக்கப் பார்த்தான் அவன், வலது கை சிக்கிக்கொண்டது. இப்போது இடது கையால் சோறு பிசைகிறான்.

பொய் சொல்லிவிட்டுச் செத்தான் என்று கரையில் நின்று உன்னைக் கண்டபடி ஏசினேன். உதியன்குளங்கரையில் மீன் விற்றுவிட்டு வந்த உன் மனைவி, என் மைனி, கூடையை இறக்காமலே கேட்டாள்.

"அவரு பொய் சொல்லேல்ல தம்பி. ஆத்து வெள்ளம் வந்தா மணலு கெடங்குல சரிஞ்சு எறங்கும், விளிம்பையும் இடிச்சிட்டுப் போவும். மழ ஓஞ்சா ஈயக்குண்டு எறக்கி ஆழம் பாத்து, புதுசா அடையாளம் வச்சிட்டுத்தான் அவரு வல விடுவாரு. ஒமக்குத் தெரியாதா?"

தெரியாது. உன் வள்ளத்தில் இத்தனை வருஷம் எஞ்சின் ஓட்டியவனுக்குத் தெரியாது. "சும்மா ஒரு சுத்து போயிட்டு வாறேன்" என்று ஒவ்வொரு மழைக்குப் பிறகும் தனியாகப் போனாயே, இதற்குத்தானா?

பொய் சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். போன வருஷத்து விளிம்பைக் கொடுத்துவிட்டு, அது நகரும் என்பதை மட்டும் உன்னோடு வைத்துக்கொண்டாய். மூச்சு முட்டியதில் விட்டுப்போயிற்றா? அல்லது சாகும்போதும் கொடுக்க மனசு வரவில்லையா?

உன் மகன் உன்னை ஒரு வார்த்தை குறை சொல்வதில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

அடுத்த மழை ஓயட்டும். அவனோடு போய்க் குண்டை இறக்கி விளிம்பைக் கண்டுபிடிப்பேன். கரைக்கு வந்ததும் மீன் ஏலம் போடும் இடத்தில் நின்று, எல்லார் காதிலும் விழும்படி புது அடையாளத்தை அவன்தான் கூவிச் சொல்வான். வருஷாவருஷம் சொல்வான். கல்லறை பக்கத்தில்தானே இருக்கிறது, நீயும் கேட்டுக்கொள்.

கோபம் ஆறாத,
உன் கூடப்பிறந்த தம்பி