மூன்றாம் பாட்டுக்கு முன்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை மறக்காமல் போடுகிறாரா?

இங்கே சலவைக்கூடத்தில் சாப்பாட்டு நேரமெல்லாம் கித்தார் பேச்சுதான். எந்த ராக் கித்தார்காரர் பெரியவர் என்று இஸ்திரிக்காரருக்கும் வேன் டிரைவருக்கும் தினமும் தகராறு. நேற்று டிரைவர் மிளகாய் சோடா வாங்கி வந்து, புது ஆல்பம் ஒன்றைப் போட்டார். மூன்றாம் பாட்டுக்கு முன் கித்தார்காரர் இரண்டு முறை தொண்டையைச் செருமினார். அம்மா, அது நம் அண்ணனின் செருமல். கித்தார் வாசிக்க உட்கார்ந்தால் அவன் அப்படித்தானே தொடங்குவான்.

"ஏம்மா, கண்ணு கலங்குது?" என்றார் டிரைவர்.

"சோடா காரம், அண்ணே."

மறுபடி போடச் சொன்னேன். செருமலே இல்லை.

"மொதல்லயும் அப்படி எதுவும் வரலையே," என்றார் இஸ்திரிக்காரர்.

தூக்கக் குறைவாக இருக்கும். பயப்படாதீர்கள்.

அண்ணன் தவறி இரண்டு வருடம் ஆகப்போகிறது. அவன் வாசித்துப் போனில் பதிந்து வைத்ததைத் தங்கை எனக்கு அனுப்பியபோது, பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு முன்னால் இருந்ததை வெட்டிவிட்டாள். வெட்டாததை அனுப்பச் சொல்லுங்கள். அழித்திருந்தால் அவளைத் திட்டாதீர்கள். என்னிடமும் சொல்ல வேண்டாம்.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் பெரியவள்