மெதுவாகத்தான் வருகிறோம், மச்சான்

என் பிரியமுள்ள சங்கரலிங்கம் மச்சானுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. வருஷத் திதியன்று உன் பேரில் நினைவு மலர் ஒன்று போட உன் பிள்ளைகள் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். பேரையூர்ப் பெரிய மனிதர்கள் உன் கொடையையும் குணத்தையும் எழுதுவார்கள். என்னையும் எழுதச் சொல்லிக் கேட்டார்கள். எனக்கு உன்னிடம் பேச வேண்டிய விஷயம் ஒன்றுதான்: வேன். மலரைப் படிக்கிற மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கல்லூரியில் பௌதிகம் நடத்திய பழக்கம், தலைப்புகளைப் பலகையில் எழுதாமல் எனக்குப் பேச்சு வராது. ஆகவே:

1. வேன் ஒன்று வாங்கத்தான் வேண்டும் என்பது.
2. எந்த வேன் என்பது.
3. அதற்குள் என்ன இருக்க வேண்டும், என்ன வேண்டாம் என்பது.
4. அதை நான் ஓட்டக் கூடாது என்பது.

முதல் மூன்றில் எனக்குச் சந்தேகங்கள் உண்டு. நாலாவதில் கிடையாது. இதை வெள்ளிக்கிழமை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு வேனைத் திருமங்கலம் வரை ஓட்டிப் பார்க்கப் போகிறோம். போய் வந்து மீதியை எழுதுகிறேன்.

நாலாவதையே முதலில் முடித்துவிடுகிறேன். வண்டியூர்க் கண்மாய் வற்றிக் கிடந்த அந்தக் கோடையை நீ மறந்திருக்க மாட்டாய். உன் ஜீப்பில் என்னை உட்காரவைத்து, ஸ்டியரிங்கைக் கையில் கொடுத்தாய். "இம்புட்டுப் பெரிய கண்மாய் மாப்ள. ஆளில்ல, மாடில்ல. முட்டணும்னு நெனச்சாலும் முட்ட முடியாது. தைரியமா ஓட்டு!" என்றாய். கண்மாயின் நடுவே ஒரு கருவேல மரம் நின்றது. ஒன்றே ஒன்று. நான் கொண்டுபோய் அதில்தான் முட்டினேன். நீ இறங்கிப் போய் மரத்தைத் தடவிக் கொடுத்து, "அடி பலமோ?" என்று அதனிடம் கேட்டாய்.

அப்புறமும் நீ விடவில்லை. லைசென்ஸ் எடுக்கவைத்தாய். எடுத்த லைசென்ஸை உரிய காலத்தில் புதுப்பித்து வருகிறேன், வண்டியைத்தான் தொட்டதில்லை. "லைசென்ஸுக்குத் தவறாம பூசை போடு. சாமிய மட்டும் வெளிய எடுத்துறாத" என்று நீ கேலி செய்வாய்.

இப்போது ஒன்றாவது. இந்த வேன் ஆசை உன்னுடையது. ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையிலிருந்து கிழித்த படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? வேனுக்குள் கட்டில், அடுப்பு, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. வாசலில் மடக்கு நாற்காலி போட்டு ஒரு வெள்ளைக்காரர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். "மாப்ள, சனிக்கிழமை காலைல கிளம்புறோம். அழகர்கோயில், குட்லாடம்பட்டி அருவி, வைகை டேம். ராத்திரி எங்க தோணுதோ அங்க நிப்பாட்டிப் படுக்குறோம். ஞாயித்துக்கிழமை பொழுது சாய வீடு. ரூம் கேட்டு ஒருத்தன்ட்டயும் நிக்க வேணாம்" என்றாய்.

கடைசி வரியில்தான் நான் விழுந்தேன். விடுதி மேஜைக்கு முன்னால் நின்று அறை இருக்கிறதா என்று கேட்க வேண்டுமென்றால் நான் வாசலோடு திரும்பிவிடுவேன். வீட்டையே கூட்டிக்கொண்டு போவது என்னைப் போன்றவனுக்காகவே யாரோ கண்டுபிடித்தது போல இருந்தது. ஆனால் உன் தங்கை? உனக்குத் தெரியாததா? பஸ் வாசனை வந்தாலே கோமதிக்குத் தலை சுற்றும். கையில் எலுமிச்சம்பழம் இல்லாமல் அவள் ஊர் எல்லையைத் தாண்டியது கிடையாது. பழம் இருந்தும் பெரிதாகப் பலன் கிடையாது.

போன வருஷம் உன் செய்தி வந்ததும் பஸ்ஸில்தான் வந்தோம். திருமங்கலம் தாண்டுவதற்குள் அவள் துவண்டுவிட்டாள். இறங்குவதும், தெளிந்து அடுத்த பஸ் ஏறுவதுமாகப் பேரையூர் வந்து சேர்ந்தபோது உன்னைத் தூக்கப் போகிற நேரம். அண்ணன் முகத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான். பக்கத்தில் உட்கார்ந்து அழக்கூட உடம்பு இடம் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு தடவை வாடகைக் காரில் ஏற்றிப் பார்த்தேன். பசுமலையிலேயே இறங்கிவிட்டாள்.

திதிக்கு வரச் சொல்லி உன் மனைவி ருக்மணி கடிதம் போட்டிருக்கிறாள். "நீங்க மட்டும் போயிட்டு வாங்க. நான் வந்து அங்க எல்லாருக்கும் தொந்தரவு" என்று சொல்லிவிட்டுக் கோமதி அடுப்படிக்குள் போனாள். அன்று சாம்பாரில் உப்பு இல்லை. அப்படியே சாப்பிட்டேன். தங்கை இல்லாமல் உன் திதி நடக்கலாமா, மச்சான்? அதனால்தான் வேன்.

இரண்டாவது, எந்த வேன். விளாங்குடிப் பக்கம் காதர் பாய் என்று ஒருவர் பட்டறை வைத்திருக்கிறார். பழைய வேன்களை வாங்கி, கேட்கிறபடி உள்வேலை செய்து கொடுப்பவர். அவர் மூன்று வேன்களைக் காட்டினார். ஏறிப் பார்க்க மட்டுமாவது வர வேண்டும் என்று கோமதியிடம் கெஞ்சி, ரிக்‌ஷாவில் மெல்லக் கூட்டிப் போனேன்.

முதல் வேனுக்கு மூக்கே கிடையாது. எஞ்சின் முன் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில், ஒரு மூடிக்கு அடியில் இருந்தது. "அடுப்பு தனியா வேணாம் சார். இந்த மூடி மேல தோசை சுடலாம்" என்றார் பாய், அதுவும் ஒரு வசதி என்பது போல. கோமதி அடுத்த வேனைப் பார்க்க நடந்துவிட்டாள்.

இரண்டாவது வேன், ஓர் ஆஸ்பத்திரி கழித்துப் போட்டது. எனக்குப் பிடித்திருந்தது. படுக்கை இருக்கிறது, திரை இருக்கிறது, விளக்குகூட இருக்கிறது. அளந்து பார்த்தேன், என் உயரத்துக்குச் சரியாக இருந்தது.

"இதுல படுத்துப் போனவுக எத்தன பேரு பொழச்சு வந்தாக?" என்று கோமதி கேட்டாள்.

"அம்மா, அதெல்லாம் புதுப் பெயிண்ட் அடிச்சிரலாம்மா."

"பெயிண்ட் அடிச்சா மட்டும்? நாம வைகை டேமுக்குப் போவோம், ரோட்டுல எல்லாரும் ஒதுங்கி நின்னு உச்சுக் கொட்டுவாக."

மூன்றாவது, பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்த வேன். குட்டையான படி, பெரிய ஜன்னல்கள். சுவரில் எவனோ ஒரு பையன் ஆணியால் பூனை வரைந்திருந்தான். கோமதி ஏறினாள், உட்கார்ந்தாள், ஜன்னலைத் திறந்து மூடித் திறந்தாள். "பூனை இருக்கட்டும்" என்றாள். அதை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவது தலைப்பு, உள்ளே என்ன இருக்க வேண்டும் என்பது. மடக்குகிற கட்டில் பலகை ஒன்று, தண்ணீர் டின், பொருள்கள் உருளாமல் இருக்க விளிம்பு வைத்த அலமாரி. அடுப்பும் போட்டிருந்தேன். "வீட்ல ஆக்குறது பத்தாதுன்னு ரோட்டுலயும் ஆக்கணுமாக்கும்?" என்று உன் தங்கை கேட்டதும் அதை எடுத்துவிட்டேன். பிளாஸ்கும் கட்டுச்சோறும் போதும். கட்டில் பலகையை மாட்டி, பட்டறை டிரைவர் வேலுவோடு வேனை ஞாயிற்றுக்கிழமை அனுப்புகிறேன் என்றார் பாய்.

குமட்டலைப் பற்றியும் யோசித்து வைத்திருக்கிறேன். வாசனை ஒரு காரணம், ஆட்டம் இன்னொரு காரணம். கண் ஒன்று சொல்கிறது, காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு வேறொன்று சொல்கிறது. பின் இருக்கையில், சரியாக நடுவில் உட்கார்ந்தால் ஆட்டம் குறைவாக இருக்க வேண்டும். இருக்குமா? தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்.

இன்று திங்கட்கிழமை. போய் வந்துவிட்டோம்.

வேலு நல்லவன். ஆனால் அவனுக்கு முன்னால் ஒரு வண்டி போனால் அதை முந்தாவிட்டால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது போலிருக்கிறது. கோமதி பின்னால் நடுவில், நான் சொன்ன இடத்தில், எலுமிச்சம்பழத்தை மூக்கோடு வைத்து உட்கார்ந்திருந்தாள். திருப்பரங்குன்றம் வரை பேசினாள். கப்பலூரில் பேச்சு நின்றது. திருமங்கலத்துக்குள் நுழைவதற்கு முன்பே "நிப்பாட்டச் சொல்லுங்க" என்றாள்.

இறங்கி, ரோட்டோரப் புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். முகம் கழுவத் தண்ணீர் கொடுத்தேன். கழுவிவிட்டு, "நான் இதுல ஏற மாட்டேன். நடந்தே வாரேன்" என்றாள். வீட்டுக்கு இருபது கிலோமீட்டர். சொன்னவளுக்கும் அது தெரியும். "எங்கண்ணன் திதிக்குப் போக எனக்குக் கொடுத்து வைக்கல. அம்புட்டுத்தான்" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நீ இருந்தால் ஏதாவது சொல்லிச் சிரிக்கவைத்திருப்பாய்.

நான் வேலுவிடம் போய், "தம்பி, கொஞ்சம் மெதுவா..." என்றேன்.

"சார், இதுக்கும் மேல மெதுவா ஓட்டுனா எனக்குத் தூக்கம் வந்துரும் சார்."

அவன் உண்மையைத்தான் சொன்னான். எனக்குக் கோபம்கூட வரவில்லை. திரும்பி வந்தால், கோமதி முந்தானையை எடுத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க ஓட்டுங்க."

"நானா?"

"லைசென்ஸ் இருக்குல்ல?"

"இருக்கு. ஆனா கண்மாயில..."

"கண்மாயில ஒரு மரந்தான இருந்துச்சு. அதுலயே முட்டுனீக. இங்க ரோடு நெடுக மரம். எதுல முட்டலாம்னு யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள வீடு வந்துரும். ஓட்டுங்க."

உன் தங்கை என்பது அந்த நிமிஷம் நன்றாகத் தெரிந்தது.

நான் ஏறினேன். அவள் பின்னால் போகவில்லை. என்னை நம்பாததால், பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தாள். வேலு பின்னால் போய்க் கட்டில் பலகையை விரித்துப் படுத்தான். ஊரைச் சுற்றிப் பார்க்கப் போகும் அந்த வேனில் முதலில் தூங்கியவன் அவன்தான்.

முதல் கியரில் கிளம்பினேன். இரண்டாவதுக்கு மாறினேன். மனம் தேறி மூன்றாவதுக்கும் வந்தேன். நாலாவது என்று ஒன்று இருப்பதாகவே நான் காட்டிக்கொள்ளவில்லை. வண்டிமாடு ஏதாவது தூரத்தில் தெரிந்தாலே வேகத்தைக் குறைத்துவிட்டேன். பிரேக்கை அழுத்தவே தேவை வரவில்லை. சைக்கிள்காரர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். ஒரு சைக்கிளில் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாள் கோமதியைப் பார்த்து, "பெட்ரோல் தீந்துபோச்சாத்தா?" என்று கரிசனமாகக் கேட்டுவிட்டுப் போனார். ஒரு பஸ் டிரைவர் எட்டிப் பார்த்து, "பெருசு! ஓட்டுறீகளா, தள்ளிக்கிட்டு வாரீகளா?" என்று கத்தினார். நான் மரியாதையாகத் தலையாட்டினேன்.

அப்போது பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கப் பயம், ஸ்டியரிங் கோணிவிடுமே. மறுபடி கேட்டது. கோமதி சிரிக்கிறாள். கப்பலூர் தாண்டிவிட்டோம், அவள் சிரிக்கிறாள்!

"உடம்பு எப்படி இருக்கு?"

"ஒண்ணும் பண்ணல."

"அது மெதுவாப் போறதாலயா, முன்னால உட்கார்ந்ததாலயான்னு சொல்ல முடியாது. ரெண்டையும் ஒரே நேரத்துல மாத்திட்டோம். திரும்ப ஒரு தடவை உன்னைப் பின்னால உட்கார வெச்சு..."

"ஆராய்ச்சி பண்ணாம ரோட்டப் பாருங்க."

திருப்பரங்குன்றம் வந்ததும், "ஓரங்கட்டுங்க" என்றாள். எனக்கு உயிர் போய்விட்டது. நிறுத்தினேன். அவள் நிதானமாக இறங்கி, எதிரே இருந்த சோடாக் கடைக்குப் போனாள். அவ்வளவு நேரமும் கையில் வைத்திருந்த எலுமிச்சம்பழத்தைக் கடைக்காரரிடம் நீட்டி, "இதப் பிழிஞ்சு மூணு சோடா போடுங்கண்ணே" என்றாள்.

"ஒரு பழத்துலயா? பத்தாதே ஆத்தா."

"பத்தும். இனி அதுக்கு வேற வேலை இல்ல."

வேலுவை எழுப்பி அவனுக்கும் ஒரு டம்ளர் கொடுத்தோம். வீடு வந்துவிட்டதா என்று கேட்டான்.

ஆக, பூனை போட்ட வேன்தான் முடிவு. பாயிடம் சொல்லி அனுப்பிவிட்டேன். திதிக்கு முந்தின நாள் விடிந்ததும் கிளம்புகிறோம். பஸ் போய்ச் சேருகிற நேரத்துக்கு நாங்கள் கல்லுப்பட்டியில் கட்டுச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருப்போம். அதனால் என்ன? வந்து சேருவோம். கோமதி உன் படத்துக்கு முன்னால் அவள் இஷ்டம் போல் எவ்வளவு நேரமும் உட்காரட்டும். மறுநாள் ருக்மணியையும் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போகலாம் என்றுகூடச் சொல்கிறாள். நீ சொன்ன வைகை அணை, அருவி எல்லாவற்றுக்கும், ஒன்றுவிடாமல், அவளைக் கூட்டிப் போவேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். உன் வீட்டு வாசலில் வந்து நின்று ஹாரன்கூட அடிப்பேன். ஒரு தடவை, மெதுவாக.

மலரில் அச்சாவதற்கு முன்னால் மேலே உள்ள நாலாவதை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். வேண்டாம், அப்படியே இருக்கட்டும், நீ பார்க்க வேண்டும். அது தப்பு, மச்சான். இந்த வேனை நான்தான் ஓட்ட வேண்டும். ஆனால் உன் வாசலில் அந்த வேப்பமரம் இன்னும் இருக்கிறதா என்று ருக்மணிக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
நீ "மாப்ள" என்று கூப்பிடாமல் ஒரு வருஷமாகத் திரும்பிப் பார்க்காத
உன் தங்கை புருஷன்