கோழி கொடுத்து வாங்கிய வெளிச்சம்

சேசு மரி சூசை துணை

கேமரன் மலை,
ஆகஸ்ட் 1944

அன்பு மகன் மைக்கேல்ராஜுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதாவின் தயவில் நாங்கள் நலம், நீயும் சிங்கப்பூரில் வேலை பார்க்கிற இடத்தில் கை கால் சுகத்தோடு, ஒரு வேளையாவது வயிறு நிறையச் சாப்பிட்டு இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபமாலை சொல்கிறேன். உன் மனைவி பார்பராவும் நலம், அவள் மடியில் கிடக்கிறவளும் நலம். ஆமாம், பெண்தான். குதிக்காதே, உட்கார்ந்து படி. மூக்கு உன்னுடையது, பிடிவாதம் உன் அப்பாவுடையது, மற்றதெல்லாம் நல்லபடியாக இருக்கிறது. ரிங்லெட்டில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் சேக் தாவூத் பாய் சரக்கு விஷயமாக அங்கே வருகிறார், இந்தக் கடிதத்தை அவர் கையில் கொடுத்திருக்கிறேன். அவரை வெறும் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடாதே, உன் மகள் பிறந்ததில் அவருக்கும் பங்கு உண்டு.

முதல் பிள்ளைக்கு நடந்ததை நீயும் மறந்திருக்கமாட்டாய், நானும் மறக்கவில்லை. மருத்துவச்சி அற்புதம்மாள் ஓடைக்கு அந்தப் பக்கத்து லயத்து வரிசைவீட்டில் இருக்கிறாள், நடுவில் அந்த ஒற்றை மரப்பாலம், அவளுக்கோ மரவள்ளியே தின்று தின்று மாலைக்கண். நீ கொள்ளிக்கட்டையோடு ஓடினாய், மழை அதை அணைத்துப்போட்டது, விடிந்து அவள் வந்து சேர்ந்தபோது பிள்ளை இல்லை. இந்தத் தடவை பார்பராவுக்கு மாதம் ஏற ஏற எனக்குப் பயமும் ஏறியது. மண்ணெண்ணெய் கிடையாது, டார்ச் லைட்டுக்குப் பேட்டரி கிடையாது, தேங்காயெண்ணெய் விளக்கின் வெளிச்சம் அற்புதம்மாள் கண்ணுக்கு எட்டாது. வலி பகலிலேயே வரட்டும் என்று வேண்டிக்கொள்வதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

உன் அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. கல்லுளிமங்கன் மாதிரி ஒன்றும் சொல்லாமல் ஒருநாள் ரிங்லெட்டுக்குப் போனார், போனபிறகு பார்த்தால் பிள்ளை பெற்றவளுக்குச் சாறு வைக்க நான் கண்ணும் கருத்துமாக வளர்த்த கோழியைக் காணோம். பாயின் சைக்கிள் டயர் இல்லாமல் சும்மா கிடக்கிறதல்லவா, அதிலிருந்த டைனமோவையும் பல்பையும் ஒரு பெடலையும் கோழிக்கு மாற்றிக்கொண்டு வந்து நிற்கிறார். நான் போட்ட சத்தத்தில் லயமே கூடிவிட்டது. அவர் காதில் ஏறினால்தானே. தேயிலைப் பெட்டிப் பலகையில் முறம் அகலத்துக்கு ஒரு சக்கரம் அறுத்தார், விளிம்பில் பழைய டயர் ரப்பரைச் சுற்றினார், பெடலைக் கைப்பிடியாக வைத்தார், டைனமோ அந்த ரப்பரில் உரசுகிற மாதிரி எல்லாவற்றையும் ஒரு பெட்டிச் சட்டத்தில் முடுக்கினார். பிறகு நான் சோறு தின்கிற மங்கு, அந்த எனாமல் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டார். தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டுகிற ஈயத்தாளைச் சுருக்கமில்லாமல் தேய்த்து, மரவள்ளிப் பசையால் மங்குக்குள் ஒட்டி, நடுவில் பல்பை வைத்து, நீளமாக ஒயர் இழுத்தார். சுற்றினார் பார், எதிர்மேட்டில் இருக்கிற தேயிலைச் செடி தெரிந்தது! கோழிக்காகத் திட்டிய வாயை அப்படியே மூடிக்கொண்டேன். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி மட்டும் உன் அப்பாவிடம் ஓடிவந்து, "தோமசு, மேல காட்டாதய்யா, ஜப்பான்காரன் பாத்தா சிக்னல் குடுக்குறோம்னு தூக்கிட்டுப் போயிருவான்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

நான் வேண்டிக்கொண்டதற்கு நேர்மாறாக, பொழுது சாய்கிற நேரம் பார்த்து வலி வந்தது. பனியும் இறங்கிவிட்டது. கொழுந்துக் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி, கூடைக்குப் பதிலாகப் பெட்டியை நெஞ்சில் தொங்கவிட்டுக்கொண்டு உன் அப்பா தவில்காரர் மாதிரிக் கிளம்பினார், பக்கத்து வீட்டு முனியாண்டி துணைக்குப் போனான். இனி நடந்தது முனியாண்டி சொன்னது, உன் அப்பா சொல்லமாட்டார். மங்கு விளக்கையும் நெஞ்சிலேயே கட்டிக்கொண்டு முழு வேகத்தில் சுற்றியிருக்கிறார். பனிமூட்டத்துக்கு நேரே வெளிச்சம் காட்டினால் என்ன ஆகும், இத்தனை வருஷம் இந்த மலையில் இருந்தவருக்குத் தெரியவேண்டாமா? எதிரில் வெள்ளைச் சுவர், காலடியில் ஒன்றும் இல்லை. குளிக்கப் போய்ச் சேறு பூசிக்கொண்ட கதையாக நேரே பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கிவிட்டார். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, "பாத்தியா முனியாண்டி, எவ்வளவு பவரு!" என்றாராம். "பவரு இருக்கட்டும்ணே, அதக் கால்கிட்டக் காட்டணும், பனிக்குக் குடுத்தா அது நம்ம மூஞ்சிக்கே திருப்பிக் குடுத்துருது" என்று முனியாண்டி மங்கைக் கழற்றி, முழங்காலுக்குக் கீழே பிடித்துக்கொண்டு முன்னால் நடந்திருக்கிறான். அப்படித்தான் அற்புதம்மாளை அந்தப் பாலத்தில் நடத்திக் கூட்டி வந்தார்கள்.

பிள்ளை பெறுகிற அறைக்குள் ஆண்பிள்ளை வரக்கூடாதே, சக்கரத்தைச் சுற்றவோ என் கையில் பலம் இல்லை. அதனால் உன் அப்பா ஜன்னலுக்கு வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு சுற்றினார், ஒயர் ஜன்னல் வழியாக உள்ளே வந்தது, மங்கு விளக்கை நான் பிடித்துக்கொண்டேன். முனியாண்டி மாற்றிவிடுகிறேன் என்றதற்கு அவர் கொடுக்கவில்லை. குழந்தையின் தலை வந்தபோது கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது. அற்புதம்மாள் "இன்னுங் கிட்டக் காட்டு லூர்து" என்றாள், அந்த வெளிச்சத்தில் பார்த்து விரலால் விலக்கிவிட்டாள். உன் மகள் வீறிட்டாள் பார், லயமே கேட்டது. துடைத்துச் சுற்றி பார்பராவிடம் கொடுத்தோம். கீழே வைத்த மங்கு மட்டும் அணையாமல் எரிந்துகொண்டே இருந்தது. வெளியே போய்ப் பார்க்கிறேன், ஈரத் துணியோடு கண்ணை மூடிக்கொண்டு இன்னும் சுற்றுகிறார். சக்கரத்தின் கடகடச் சத்தத்தில் ஊருக்கெல்லாம் கேட்டது அவருக்கு மட்டும் கேட்கவில்லை. கையைப் பிடித்து நிறுத்தினேன். உள்ளே பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. "உசுரோட இருக்கா?" என்று கேட்டார், பிறகு என் தோளில் சாய்ந்து அவரும் அழுதார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இப்போது வலது கையைத் தூக்க முடியாமல் என்னிடம் எண்ணெய் தேய்த்துக்கொள்கிறார், சோறும் நான்தான் ஊட்டுகிறேன், மகாராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறார். சளி பிடிக்காமல் பார்த்துக்கொள், அதிகாரிகள் எதிரில் வாயை அடக்கு, லீவு கொடுத்தால் ஒருநாள்கூடத் தாமதிக்காதே. மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். ஞானஸ்நானத்துக்குப் பெயர் யோசித்து பாய் கையிலேயே கட்டாயம் எழுதி அனுப்பு. தாமதித்தால் உன் அப்பா டைனமோமேரி என்று வைத்துவிடுவார், நான் தடுக்கமாட்டேன்.

உன்னை எப்போதும் நினைத்திருக்கும் அம்மா,
தோ. லூர்தம்மாள்