நானூறு வார்த்தையும் ஒரு இஸ்திரி மேசையும்

மார்ச் 3, திங்கள்
ஓட்டல் சலவைக்கூடத்து முன்மேசைக்கு ஆள் எடுக்கிறார்கள். விருந்தினர்களின் புகார்க் கடிதங்களுக்கு ஆங்கிலத்தில் பதில் எழுதும் வேலை. பதினெட்டு வருடம் இங்கே துணி துவைத்த எனக்கில்லாமல் யாருக்கு? எட்டாவதோடு நின்றவன்தான். ஆனால், சொல்லிக்கொடுக்க வாத்தியார்களிடம் சரக்கு தீர்ந்துபோனதால்தான் நின்றேன்.

அகராதி வாங்கியாயிற்று. தினம் இருபது வார்த்தை. கனமானவை மட்டும்.

மார்ச் 9
நூற்றிருபதைத் தாண்டியாயிற்று. வீடெங்கும் சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறேன். முடித்த சீட்டுகளைக் குப்பையில் போட்டால் வீட்டுக்காரி பொறுக்கிக்கொள்கிறாள். அவளும் அதே கூடத்தில்தான் இஸ்திரி போடுகிறாள்.

"இதை வச்சு என்ன பண்ணப்போறே?"

"தூக்கிப்போட மனசு வரலைங்க."

சிக்கனக்காரி!

மார்ச் 17
அக்கா மகள் வந்தாள். கல்லூரிக்காரி. மூச்சுவிடாமல் நூறு வார்த்தை ஒப்பித்தேன். மயங்கி விழாத குறை.

"சரி மாமா, 'இம்மாகுலேட்' வச்சு ஒரு வாக்கியம் சொல்லுங்க."

"துளிக் கறைகூட இல்லாததுன்னு அர்த்தம்."

"அர்த்தமா கேட்டேன்? வாக்கியம் மாமா!"

திடீரென்று எனக்குத் தாகம் எடுத்துவிட்டது.

மார்ச் 18
இஸ்திரிப் பக்கம் போனேன். வீட்டுக்காரி ஒரு வெள்ளைச் சட்டையைத் தூக்கிப் பிடித்து, அதனிடம் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தாள். முழு வாக்கியம். நடுவில் இம்மாகுலேட்! அடுத்த துணிக்கு, மேசையில் கிடந்த என் பழைய சீட்டிலிருந்து அடுத்த வார்த்தை. என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

எத்தனை நாளாக இது?

மார்ச் 22
நானூறு.

மார்ச் 27
தேர்வு. விருந்தினர் ஒருவரின் கோட்டுப் பொத்தான் தொலைந்ததாம், பதில் எழுதச் சொன்னார் மேலாளர். நானூறும் வாசலில் முண்டியடித்தன— ஒன்றாவது உள்ளே வரவேண்டுமே! தாள் கடைசிவரை இம்மாகுலேட்டாகவே இருந்தது.

வெளியே அவள் நின்றிருந்தாள். பிறந்ததிலிருந்து யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன்: "எனக்கு வரலை. உனக்கு வருது. இன்னும் அரைமணி இருக்கு, பேரைக் குடு."

"ஐயோ, எனக்கு நாப்பது வார்த்தைதாங்க தெரியும்."

"அந்த நாப்பதும் நீ கூப்பிட்டா வருதே. போ."

ஏப்ரல் 2
முன்மேசையில் அவள். பயிற்சி கொடுத்தது யார் என்று நான் தம்பட்டம் அடிக்கவில்லை. ஏழெட்டுப் பேரிடம் சொன்னதோடு சரி.

மதியம் என் சலவை மெஷின்மேல் ஒரு சீட்டு. அவள் கையெழுத்து. ஒரே ஒரு வார்த்தை, கீழே, "இதை வச்சு மூணு வாக்கியம் சொன்னாதான் ராத்திரி சாப்பாடு."

இரண்டு சொல்லிவிட்டேன்.