பதினோராயிரம் அடி

12 ஜனவரி 1943, சேலம்
இன்றும் இரண்டு இந்திக் கிராமபோன் பிளேட்டு. கேட்டு, அதே மெட்டில் தமிழ்ச் சொல்லைப் பொருத்தி, நடிகைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஸ்டுடியோவில் எனக்கு மியூசிக் டைரக்டர் என்று பெயர். மூன்று வருடம், ஐந்து படம். சொந்த மெட்டு ஒன்றுகூட இல்லை.

19 ஜனவரி
தாய் தொட்டிலாட்டும் காட்சி ஒன்று. அதற்குத் தோதான பிளேட்டு கிடைக்கவில்லை. "நீரே ஏதாவது போடும்" என்றார் முதலாளி.

20 ஜனவரி
எங்கள் குழந்தை மாரக்காளைத் தூங்கவைக்க என் மனைவி ஆத்தாயி முனகுவது ஒன்று உண்டு. சொல் கிடையாது, நாலே ஸ்வரம். குழந்தை வாந்திபேதியில் போன பிறகு அவள் அதை முனகியதில்லை. அதிலிருந்து ஒரு தாலாட்டுக் கட்டி ஆர்மோனியத்தில் வாசித்தேன். அடுப்பை விட்டு வந்து நின்றாள்.
"இன்னொருக்கா வாசிங்க" என்றாள்.

6 பிப்ரவரி
பாட்டு எடுத்தாயிற்று. தாயாக நடிக்கும் சௌந்திரம் ஒரே தடவையில் பாடிவிட்டாள். விளக்குப் பிடிப்பவர்கள்கூடச் சாயங்காலம்வரை அதையே முனகினார்கள்.

3 ஏப்ரல்
யுத்தத்தால் பிலிம் பஞ்சம். எந்தப் படமும் பதினோராயிரம் அடிக்கு மேல் போகக்கூடாதென்று சர்க்கார் உத்தரவு. எங்கள் படம் பதினாலாயிரம். எடிட்டர் சுவாமிநாதன் முதலில் வெட்டப்போவது தாலாட்டை. அங்கே கதை நிற்கிறதாம்.
முதலாளியிடம் போய் நின்றேன். ஜனங்களுக்குத் தெரிந்த இந்தி மெட்டை வெட்ட முடியுமா என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. பிளேட்டாகவாவது போடலாமே என்றேன். பிளேட்டுச் செய்யும் அரக்குக்கும் பஞ்சமாம்.

4 ஏப்ரல்
ஆத்தாயியிடம் சொல்லவில்லை.

11 மே
இன்றும் சொல்லவில்லை.

23 மே
ஆத்தூர் டூரிங் கொட்டகைக்குப் படம் வந்துவிட்டது. அங்கே இருக்கும் அவள் தங்கை செல்லியம்மாள் ஆள் அனுப்பியிருந்தாள். வெயில் என்றேன், படம் சுமார் என்றேன். ஆத்தாயி கேட்கவில்லை. ரயிலில் கூட்டிப்போனேன்.
தொட்டில் வந்தது. சௌந்திரம் குனிந்தாள், வாய் திறந்தாள் — உடனே கோர்ட்டுக் காட்சி. ஆத்தாயி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள், இனி வருமென்று. படம் முடிந்து ஜனங்கள் எழுந்த பிறகும் பார்த்தாள்.
"பாட்டு எங்கக்கா?" என்றாள் செல்லியம்மாள்.
ஆத்தாயி திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு முன்பே தெரியும் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.
திரும்பி வரும்போது ரயிலில் ஒன்றுதான் சொன்னாள்: "சொல்லியிருந்தீங்கன்னா ஊட்டுலயே இருந்திருப்பனுங்க."

24 மே
ஏன் சொல்லல? சொல்ல வாயெடுத்தா அவ மொகம் முன்னால வந்து நிக்கும் — எத்தன நாளு அப்படி! அவளுக்குன்னு இருந்தது அது ஒண்ணு. அதையும் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்துட்டேனே.

26 மே
வெட்டின துண்டையாவது கொடுங்கள் என்று சுவாமிநாதனிடம் கேட்டேன். பழைய பிலிமைக் கரைத்து வெள்ளி எடுப்பவனுக்கு எல்லாவற்றையும் விற்றாயிற்றாம். கரைத்தும் இருப்பான் என்றார்.

9 ஜூன்
புதுப் படத்துக்கு இன்று பூஜை. காலையில் கிளம்பும்போது ஆத்தாயி வாசல்வரை வந்து சாப்பாட்டுத் தூக்கைக் கொடுத்தாள். மூன்று வருடமாக அந்த இடத்தில் நின்று, இன்னைக்கு என்ன பாட்டுங்க என்று கேட்பாள். கேட்பாளா என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். அவள் வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு, நான் போவதற்காகக் காத்திருந்தாள்.