அரைத்த முந்திரி

பாப்பாவின் அப்பாவுக்கு வணக்கம்.

நான் சுகம். உங்கள் இடுப்பு வலி தேவலையா? பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

வேலை செய்யும் வீட்டில் வாழைப்பழ ரொட்டி சுடப் பழகிவிட்டேன். பெயர்தான் ரொட்டி, தின்றால் கேக். நாம் தூக்கிப்போடும் கறுத்த பழம்தான் அதற்கு ருசி. இந்த வீட்டுப் பெரியவருக்கு அதென்றால் உயிர். ஆனால் முந்திரி துளி பட்டாலும் அவருக்குத் தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும். அதனால் திராட்சை மட்டும் போடுவேன்.

நேற்று அவர் மருமகள் சமையலறைக்கு வந்து, "முந்திரியை மாவா அரைச்சுப் போடு, பல்லுல தட்டுப்படக் கூடாது" என்றாள்.

"பெரியவருக்கு ஆகாதேம்மா."

"அதெல்லாம் சரியாயிடுச்சு. ரொட்டின்னாலே உன் கைப்பக்குவம்தான்னு எல்லாருக்கும் தெரியும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் போடவில்லை, பயப்படாதீர்கள். மூச்சு அடைத்தால் உடனே போட அவர் தலைமாட்டில் வைத்திருக்கும் அவசர ஊசியைத்தான் காலையிலிருந்து காணோம்.

தலைவலித் தைலம் அனுப்புங்கள். என் பாஸ்போர்ட் நகலையும் சீக்கிரம் அனுப்புங்கள். அசல் மருமகளிடம் இருக்கிறது. பாப்பாவுக்கு என் முத்தம்.

எல்லோரும் வெளியே கிளம்பிவிட்டார்கள். பெரியவர் டீ கேட்கிறார், எழுந்திருக்க வேண்டும். நான் சுட்டது ஒரு ரொட்டி. மேசையில் இரண்டு இருக்கின்றன, இரண்டும் ஒரே மாதிரி.