மூன்றாவது ஓலை

திருவண்ணாமலை
14.9.1979

என் மூத்த மகள் சுகிர்தத்துக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் உன் தங்கை வேதாவும் சுகம். நீ சுகமா என்று கேட்கவில்லை, கேட்டால் உள்ளதையெல்லாம் எழுதிவிடுகிறாய், அப்புறம் அதை வைத்துக்கொண்டு நான்தான் அல்லாட வேண்டியிருக்கிறது.

ஜபல்பூரில் உன்னோடு இருக்கும் நர்ஸுகள் புதன்கிழமை ஜெபக் குழுவுக்குக் கூப்பிடுகிறார்கள், நான் போகவில்லை, அதில் என்ன நன்மை என்று எழுதியிருந்தாய். உனக்கு எப்போதும் இந்தத் திமிர்தான். சித்திரையில் கிணற்றடியில் வழுக்கிக் கை முறிந்து கிடந்தேனே, பெற்ற மகள் நீ லீவு இல்லை என்று எழுதினாய், பன்னிரண்டு நாள் கஞ்சி கொண்டுவந்து ஊட்டியது நம் வெள்ளிக்கிழமைக் குழுதான். ரேஷன் வரிசையில் எனக்காக நின்றதும் அவர்கள்தான். குழுவில் இருந்தால் யாரும் தனியாகக் கிடக்க மாட்டார்கள், நம் சமாசாரம் எல்லாருக்கும் தெரிந்திருக்கும், பாரத்தை ஆளுக்குக் கொஞ்சம் சுமப்பார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், உட்கார்ந்து படி. வைகாசியில் நீ எழுதினாயே, ஆறு வருஷம் வராத வலிப்பு டியூட்டியில் மறுபடி வந்தது, லீவில் வந்து கல்யாணத்துக்கு முன் இன்பராஜிடம் நானே சொல்லிவிடுகிறேன், அதுவரை யாரிடமும் சொல்லாதே அம்மா என்று. நான் யாரிடமும் சொல்லவில்லை. ஜெபக் குறிப்பாகத்தான் கொடுத்தேன். மகளுக்காக என்று பொதுவாகச் சொன்னால் குழு நடத்தும் தசரதன் அண்ணன் விட மாட்டார், பேர் சொல்லி வைம்மா, அப்பதான் பதில் வரும்னு சொல்லுவார், நோட்டில் எழுதிக்கொண்டார். எல்லாரும் முழங்கால் போட்டு உன் பேரையும் வியாதியின் பேரையும் சொல்லித் தெருவே கேட்கும்படி ஜெபித்தார்கள். அன்றைக்கென்று பார்த்து இன்பராஜின் அத்தை கன்னியம்மாள் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்து கதவோரம் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது. ஆமென் சொன்னதில் அந்த அம்மாள் குரல்தான் ஜாஸ்தி.

உன் பேரையும் இன்பராஜ் பேரையும் சேர்த்து, தடை இருந்தால் சொல்லுங்கள் என்று சபையில் இரண்டு ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவது ஞாயிறு பாதிரி ஐயர் வாசிக்கவில்லை. என் முதுகில் சபையின் அத்தனை கண்ணும் இருந்தது, உன்னால் வந்த வினை. அவர்கள் வீட்டில் சாவு, கல்யாணம் தள்ளிப்போகிறது என்று உனக்கு நான் எழுதியது பொய். அந்தப் பையன் ஒருநாள் தனியாகச் சைக்கிளில் வந்து, சுகிர்தமே சொல்லட்டும், அட்ரஸ் குடுங்கன்னு கேட்டான். நான் கொடுக்கவில்லை. நீ அழுது எழுதுவாய், அவன் இளகிவிடுவான், நாளைக்கு நீ அடுப்பில் விழுந்தால் பழி யாருக்கு?

ஆனாலும் குழு நம்மைக் கைவிடவில்லை. நாலு வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்து ஜெபித்தார்கள். நாலாவது வாரம் கன்னியம்மாளே வாயைத் திறந்து, சின்னது நல்லாத்தானே கீது, அதையே குடுத்துடுங்கன்னு சொன்னது. தசரதன் அண்ணன் பார்த்தியாம்மா, பதில் வந்துட்டுதுன்னு கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்பராஜ் மூன்று வாரம் இழுத்தடித்துக் கடைசியில் தலையாட்டிவிட்டான். வேதா அக்கா அக்கா என்று அழுதாள், ஒரு அறை விட்டேன், அடங்கிவிட்டாள். போன ஞாயிறு முதல் ஓலை வாசித்தாயிற்று, இருபத்து மூன்றாம் தேதி மூன்றாவது. அக்டோபர் மூன்றில் கல்யாணம், அதற்குமேல் தள்ளிக்கொண்டே போனால் கார்த்திகை தீபக் கூட்டம் சேர்ந்துவிடும், பஸ்ஸில் கால் வைக்க முடியாது. நீ உனக்கென்று வாங்கி வைத்திருக்கும் வெள்ளைப் பட்டுப் புடவையை உடனே பார்சலில் போடு, ரவிக்கைத் துணியை வெட்டவில்லை என்றால் அதையும் சேர்த்து அனுப்பு. நீ வர வேண்டாம். ஐயர் ஆசீர்வாதம் சொல்லும்போது விழுந்து வைத்தால் பெண்ணை யார் பார்ப்பார்கள், உன்னைத்தான் பார்ப்பார்கள்.

அப்பாவை இரண்டு வரி எழுதச் சொன்னேன். உன் பேரை மட்டும் எழுதினார், பேனாவை வைத்துவிட்டு வெளியே போனார், இன்னும் வரவில்லை. அவர் எழுதியதை அடித்துவிட்டுத்தான் நான் ஆரம்பித்தேன், மேலே பார்த்தால் தெரியும்.

மாத்திரையை வேளை தவறாமல் போடு. ஆண்டவர் உனக்குப் பொறுமையைத் தருவாராக. வருகிற புதன்கிழமையே அந்தக் குழுவில் சேர்ந்துவிடு, அழுவதற்கு உனக்கு ஒரு இடம் வேண்டும், எனக்கு எழுதி அழாதே. ஜெபக் குறிப்பு கேட்டால் உன்னைப் பற்றி வாய் திறக்காதே, தங்கை கல்யாணம் நல்லபடியாக நடக்க வேண்டும் என்று மட்டும் கொடு. மாப்பிள்ளை பேர் என்ன என்று கேட்பார்கள், தயங்காமல் சொல். பேர் சொல்லிக் கேட்டால்தான் பதில் வரும்.

உன் நன்மையை அன்றி வேறொன்றும் கேட்காத
அம்மா எஸ்தர்